‘வேணும்னு’ எங்கே நின்றது

இசக்கி உள்ளே வந்ததும் அந்த அறை முழுக்க நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

குற்றாலத்தில் சீசன் நேரம். கீழே வெயில் தாங்காத அதிகாரிகள் எல்லாம் மலையடிவாரத்துக்கு முகாம் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களோடு கோர்ட்டுக் கச்சேரியும் வந்துவிடும். அன்று ஒரு பங்களாவின் முன்கூடம்தான் கோர்ட். ஓடுகளிலிருந்து சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அருவி ஓயாமல் இரைந்தது. யார் பேசினாலும் ஒரு மடங்கு சத்தம் கூட்டித்தான் பேச வேண்டியிருந்தது.

மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட். அவர் பக்கத்தில் நின்றபடி இன்டர்பிரிட்டர். சுவரோரம் பெஞ்சில் என் அப்பா, அவரை ஒட்டி நான். எதிர்ச் சுவரோரம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே தரையைப் பார்த்தபடி ஆறுமுகம் அத்தான், என் அக்காவின் புருஷன். என் அக்காவை ஆற்றில் இழுத்துக் கொன்றதாக அவர் மேல் வழக்கு.

இசக்கி, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர். அக்கா போன அன்றைக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். சாட்சிக் கூண்டு இல்லாததால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

“கையைப் பிடிச்சு இழுத்தானா, விட்டானா? பாத்ததைச் சொல்லும்வே,” என்றார் போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர்.

இசக்கி துரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“வேணும்னு கையை விடாத மனுசன்யா அவரு. எஞ் சாமி சத்தியமாச் சொல்லுதேன்.”

இன்டர்பிரிட்டர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்:

“ஹீ இஸ் எ மேன் ஹூ பர்ப்பஸ்லி டிட் நாட் லெட் கோ ஹர் ஹேண்ட்.”

துரையின் பேனா நின்றது. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். அதுவரை அந்த முகத்தில் இருந்த சலிப்பு போய் வேறு ஒன்று வந்துவிட்டது. அதைப் பார்த்து அப்பா மெதுவாக மூச்சு விட்டார். பல நாள் கழித்து அவர் அப்படி மூச்சு விட்டதைக் கேட்டேன்.



உலகம்மாள்

அக்கா பெயர் உலகம்மாள். தென்காசி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வீடு மேலகரத்தில். அப்பாவுக்கு வயல் உண்டு, வாய்க்கால் சண்டை உண்டு, அதற்கு ஏற்ற குரலும் உண்டு.

அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயே திறக்க மாட்டாள். புளியும் சாம்பலும் எடுத்துப் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். அப்பா வயலிலிருந்து வந்து, அடுக்களையில் செம்பு, குடம் எல்லாம் பளபளவென்று கவிழ்ந்திருப்பதைப் பார்த்தால் தன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அவளைக் கீழப்பாவூரில் கொடுத்தோம். ஆறுமுகம் அத்தான் நல்ல உயரம். பேச்சு குறைவு, கோபம் சட்டென்று வரும். பிரசவத்துக்கு வந்தவளைக் குழந்தையோடு கூட்டிப் போக வந்த அன்று, பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. அப்பா ஒன்று சொன்னார், அவர் ஒன்று சொன்னார். நடுவில் விலக்க வந்த அக்காவை, முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

அப்பா அவரை வெளியே போகச் சொன்னார். அவர் போனார். அக்கா எங்களோடேயே இருந்துவிட்டாள். குழந்தை செண்பகம் எங்கள் முற்றத்தில்தான் குப்புற விழுந்தாள், எங்கள் முற்றத்தில்தான் நடை பழகினாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்க்கலாம்.

பிறகு ஒரு சீசன் காலையில் அத்தான் வந்தார். உள்ளே ஏறவில்லை. சாரலில் தலை நனைய வாசலில் நின்றார்.

“அன்னைக்குச் செஞ்சது தப்பு மாமா. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“அனுப்ப மாட்டேன்,” என்றார் அப்பா.

அக்கா இடுப்பில் குழந்தையும் கையில் துணி மூட்டையுமாக வெளியே வந்தாள்.

“நான் போறேம்ப்பா.”

“போனா திரும்ப இந்தப் படி ஏறப்படாது.”

“குத்தாலத்துல குளிச்சு, சாமி கும்பிட்டுட்டு, அப்படியே வண்டி பிடிச்சு ஊருக்குப் போயிருதோம்,” என்று அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

மத்தியானத்துக்குள் ஆள் வந்து சொன்னார்கள். மலைமேல் மழை கொட்டியிருக்கிறது. அருவிக்குக் கீழே கல் கல்லாகத் தாண்டி ஆற்றைக் கடக்கும் இடத்தில், தண்ணீர் செம்மண் நிறமாகி, இலையும் தழையும் புரட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அத்தானும் குழந்தையும் கரையேறிவிட்டார்கள்.

அக்கா மறுநாள்தான் கிடைத்தாள், தென்காசிக்குக் கீழே ஓர் அணைக்கட்டு ஓரம்.

தடம்

உடம்பைக் குளிப்பாட்டிய அம்மா, பாதியில் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அக்காவின் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் பதிந்த தடம், நீலமாக. கட்டை விரல் அழுந்திய இடம் கறுத்தே போயிருந்தது.

“பாருங்க. எங் கொளந்தைய எப்படி இழுத்திருக்கான், பாருங்க.”

அப்பா அழவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் வேட்டியைக்கூட மாற்றாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கரையில் பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், ‘விடுங்க, விடுங்க’ என்று பெண் குரல் கேட்டதாகச் சொன்னாள். முற்றத்தில் விழுந்த அறை மேலகரம் முழுக்கத் தெரிந்த கதை. மணிக்கட்டில் தடம் இருந்ததற்குக் குளிப்பாட்டிய பெண்கள் சாட்சி. போலீசுக்கு வேறு என்ன வேண்டும்? மனைவி விடு விடு என்று கதற, பழைய கோபத்தில் ஆற்றுக்குள் இழுத்துவிட்டான் என்று வழக்கு எழுதினார்கள்.

அத்தான் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கெல்லாம், “எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல,” என்றார்.

நானும் நம்பினேன். தூக்கில் தொங்கட்டும் என்றுதான் நானும் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கதவு மாதிரி ஒரு சொல்

இந்த இடத்தில் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே தொடரில் முன்னொரு வாரத்தில் எழுதியிருந்தேன், நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நாலாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, இலக்கணம் என் பொறுப்பு.

பையன்கள் குத்துக்கல்வலசையிலிருந்தும் அதற்கு அப்பால் இருந்தும் நனைந்துகொண்டு நடந்து வருவார்கள். வகுப்பு முழுக்க ஈரத்துணி வாடை. அந்த வாடையில் நான் ஒவ்வொரு வருஷமும் முட்டிக்கொண்ட பாடம் ஒன்று உண்டு.

நம் தமிழில் ‘இல்லை’ என்பது வினைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். வந்த, வராத. பார்த்த, பார்க்காத. ‘தெளிவாகப் பார்க்காத ஆள்’ என்று சொன்னால், ‘தெளிவாக’ முன்னால் நிற்கும், மறுப்பு பின்னால் வினையோடு ஒட்டிக்கிடக்கும். கேட்கிறவன் இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்வான்.

இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது. அங்கே ‘நாட்’ தனிச் சொல். ‘தெளிவாக’ என்பதை ‘நாட்’டுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று பேசுகிறவன் முடிவு செய்தே ஆக வேண்டும். ‘ஹூ டிட் நாட் கிளியர்லி ஸீ’ என்றால் பார்த்தான், ஆனால் மங்கலாகப் பார்த்தான். ‘ஹூ கிளியர்லி டிட் நாட் ஸீ’ என்றால் அவன் பார்க்கவே இல்லை, அது தெளிவு. ஒரு சொல் ஓரடி நகர்ந்தால் ஆள் பார்த்தவனா பார்க்காதவனா என்பதே மாறிவிடும்.

கரும்பலகையில் ஒரு கதவு போடுவேன். “இதுதான் நாட். கதவுக்கு உள்ளே நிக்கிற சொல்லைத்தான் இது மறுக்கும். வெளியே நிக்கிறதைத் தொடாது. புரியுதாலே?”

“கதவு மேலேயே நின்னா, சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தப் பாடம் பரீட்சையில் ஒன்றிரண்டு மார்க்குக்கு மேல் பெறாது. பையன்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

பெஞ்சிலிருந்து எழுந்தது

‘வேணும்னு கையை விடாத மனுசன்.’

இசக்கி சொன்னது எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் புரியும். கை நழுவியிருக்கலாம், ஆனால் அவர் வேண்டுமென்று விடவில்லை. அதுதான் அர்த்தம். இன்டர்பிரிட்டர் அந்த ‘வேணும்னு’வைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டார். அதனால் துரை காதில் விழுந்தது வேறு: இவன் வேண்டுமென்றே அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பழக்கார அம்மாளின் ‘விடுங்க, விடுங்க’ ஒரு பக்கம். மணிக்கட்டுத் தடம் ஒரு பக்கம். நடுவில் இது போய்க் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே ஆதரவான சாட்சி, அந்த ஒரு வாக்கியத்தில் அத்தானுக்கு எதிரியாகிவிட்டார்.

வக்கீல் இருந்தால் எழுந்திருப்பார். வக்கீல் இல்லை. அத்தானுக்கு இங்கிலீஷ் தெரியாது. இசக்கிக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சும்மா இருந்தால் போதும். நான் எதுவும் செய்ய வேண்டாம். நான் வேண்டியதும் அதுதானே?

ஆனால் இசக்கி அப்படிச் சொல்லவில்லையே என்று மனம் திரும்பத் திரும்ப அதையே பிடித்துக்கொண்டது. அந்த மனுஷன் சாமி பேரில் சத்தியம் செய்து ஒன்று சொல்கிறான். அவன் கண் முன்னாலேயே அது வேறு ஒன்றாக மாறிக் காகிதத்தில் ஏறப் போகிறது.

எழுந்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காருலே.”

“சார்,” என்றேன் இங்கிலீஷில். குரல் எனக்கே கேட்கவில்லை. அருவிச் சத்தத்தை மீறி இன்னொரு முறை கத்தினேன். “சார், சாட்சி சொன்னது அது அல்ல.”

துரை கண்ணாடியைக் கழற்றினார். “நீர் யார்?”

“இறந்துபோனவளின் தம்பி.”

“அப்படியானால் யாருக்காகப் பேசுகிறீர்?”

“யாருக்காகவும் இல்லை. சாட்சி சொன்னதைச் சொல்கிறேன். நான் இங்கிலீஷ் வாத்தியார். அந்தச் சொல் ‘நாட்’டுக்குப் பின்னால் வர வேண்டும், சார். ஹூ டிட் நாட் பர்ப்பஸ்லி லெட் கோ.”

இன்ஸ்பெக்டர் என்னை வெளியேற்றச் சொன்னார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். அந்தச் சொல்லை வாய்க்குள் முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பது அவர் உதட்டில் தெரிந்தது. அவர் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர்தான். ஆனால் அது புத்தகத் தமிழ். இசக்கி பேசியது வேறு.

துரை தானே இசக்கியிடம், ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக் கேட்டார். “அவன்... கையை... விட்டானா? நீ என்ன கண்டாய்?”

இசக்கி திகைத்து என்னைப் பார்த்தார், பிறகு துரையை.

“விடலய்யா. தண்ணி பிடுங்கிட்டு. ஒரு கையில புள்ள, ஒரு கையில அந்தம்மா. நெஞ்சு மட்டுக்கும் தண்ணி. ‘புள்ளையப் பாருங்க, என்னை விடுங்க’ன்னு அந்தம்மாதான் சத்தம் போட்டா. அவரு விடல. அப்பம் பெரிய கட்டை ஒண்ணு உருண்டு வந்து அவரை மறைச்சிட்டு. கட்டை போன பொறவு பாத்தா, புள்ள மட்டுந்தான் கையில இருந்துது.”

இம்முறை இன்டர்பிரிட்டர் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். தோளிலிருந்து துண்டு விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை. சாரலில் மேலகரம் வரை தனியாக நடந்தே போனார்.

இன்டர்பிரிட்டர்

பிறகு வராந்தாவில் இன்டர்பிரிட்டர் என்னிடம் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், தலை நரைத்தவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

“எங்கே வைக்கிறதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், சார். துரை காத்துண்டிருந்தார். வாயில வந்தது வந்துடுத்து.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இத்தனை வருஷத்துல இன்னும் எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்கோ.”

உள்ளே அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசல் நடையிலேயே நின்றார்.

“ஏலே, ஒன்னை இங்கிலீசு படிக்க வச்சது ஒங்க அக்காளைக் கொன்னவனைக் காப்பாத்தவாலே?”

“அவரு கொல்லலப்பா.”

“அந்தத் தடத்தை நீ பாத்தேல்லா? பாத்துட்டுமாலே அங்கன எந்திரிச்சே?”

அம்மா அடுக்களை வாசலில் நின்று அழுதாள். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை. நான் என் துணிகளை எடுத்துக்கொண்டு தென்காசியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தேன்.

மேலகரம் சாலையில்

சில நாள் கழித்து, கொலை வழக்கு விசாரிக்கிற செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்ப இதில் ஒன்றும் இல்லை என்று துரை வழக்கைத் தள்ளிவிட்டார். அன்று கோர்ட்டுக்கு வந்த உறவுக்காரன் நான் ஒருவன்தான். அத்தானும் நானும் குற்றாலத்திலிருந்து கிழக்கே நடந்தோம். இருபக்கமும் வயல், நாற்று நட்டு நீர் தேங்கியிருந்தது.

“மாப்ளே, நில்லு. ஒண்ணு சொல்லணும்.”

நின்றேன்.

“இசக்கி அவன் பாத்ததைச் சொன்னான். அவன் பாக்காதது ஒண்ணு இருக்கு.”

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டை வந்து முட்டுல அடிச்சுது. புள்ள எடது கையில இருந்து நழுவிட்டு. தண்ணிக்குள்ள போயி, கண்ணை முழிச்சுக்கிட்டு கெடக்கு. அதைத் தூக்க ரெண்டு கையும் வேணும். ஒங்க அக்கா எம் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அப்பம் அவ சத்தம்கூடப் போடல.”

“வழுக்கிட்டு, இல்லியா அத்தான்?”

“வழுக்கல. தண்ணியும் பிடுங்கல. நாந்தான் வெரலைத் தொறந்தேன். வேணும்னுதான் விட்டேன், மாப்ளே.”

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. ஒதுங்கி வழிவிட்டோம். வண்டிக்காரன் எங்களைப் பார்த்துவிட்டுப் போனான்.

அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அவர் விலகவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அடி வாங்கத்தான் அதைச் சொன்னாரோ என்று இப்போது தோன்றுகிறது. ஓங்கிய கையைக் கீழே போட்டேன்.

“கோர்ட்டுல ஏன் சொல்லல?”

“ஒண்ணும் சொல்லாமலே தூக்குல தொங்கிருவோம்னுதான் வந்தேன். அவ தம்பி எனக்காக எந்திரிச்சு நிக்கான். வாய் வரல எனக்கு. பொறவு புள்ள நெனப்பு வந்துட்டு. நானும் போயிட்டா அதுக்கு யாரு?”

அவர் உட்கார்ந்துவிட்டார், சாலையோர ஈரப் புல்லில். அந்த உயரமான மனுஷன் முட்டுக்குள் தலையைக் கொடுத்து அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சொல்லைச் சரியான இடத்தில் வைத்துவிட்டேன் என்று சில நாளாக மனசுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். இசக்கி பொய் சொல்லவில்லை. நானும் தப்பாகச் சொல்லவில்லை. நடந்தது மட்டும் வேறாக இருந்தது.

மேலகரம் வந்ததும் அவர் தலைகுனிந்தபடி எங்கள் தெருவைத் தாண்டிக் கிழக்கே போனார். அன்று அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் மறுபடி போலீசுக்குத்தான் நடப்பார். குழந்தை கீழப்பாவூரில் அத்தானின் தமக்கை மடியில் இருந்தது. நான் போகவில்லை.

காதுகுத்து

செண்பகத்துக்குக் காது குத்தியபோது எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும். அப்பா காதுக்கும் அது போயிருக்கிறது. ‘போனால் அவன் எனக்கு மகனே இல்லை’ என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

புறப்படும் காலையில் அம்மா என் அறைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடிக் கம்மலை என் கையில் வைத்தாள். அக்காவுடையது.

“நான் குடுத்தேன்னு சொல்லாதே.” வாசல் வரை போனவள் திரும்பினாள். “அவ சாடைதானா இருக்கு?”

“உன் சாடைம்மா.”

கீழப்பாவூரில் தட்டான் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அத்தான் தூணோரம் நின்றார். அவர் பக்கம் நான் பார்க்கவில்லை. அவரை மன்னித்தேனா என்று கேட்டால், எனக்கு இன்றும் தெரியாது. வருஷாவருஷம் அந்த வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், குழந்தைக்குச் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் தெரியும்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாகும்போது, ‘எனக்குக் கொள்ளி வைக்க அவன் வரக் கூடாது’ என்று பெரியப்பா மகனிடம் கையடித்து வாங்கிக்கொண்டார். சுடுகாட்டில் நான் எல்லோருக்கும் பின்னால், தூரத்தில் நின்றேன். ஈர விறகு பிடிக்காமல் வெகுநேரம் புகைந்தது. அவர் சந்தேகப்பட்டதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியை அவருக்குச் சொல்ல நான் இருந்தேன். அவர் என்னைக் கிட்டத்தில் சேர்க்கவில்லை, நானும் கிட்டத்தில் போகவில்லை.

செண்பகம் கேட்டது

யுத்த காலத்தில் ஊரில் காய்ச்சல் பரவியபோது அத்தான் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை. வலது கை மட்டும் பாயின் ஓரத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது.

செண்பகத்துக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் நான் கீழப்பாவூர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கேன். மழுப்பாமச் சொல்லுவீங்களா?”

“கேளும்மா.”

“மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பேசிக்கிட்டாங்களாம். ஒருத்தி, இவ அப்பன் இவ அம்மையத் தண்ணியில இழுத்துக் கொன்னவன்னு சொல்லியிருக்கா. இன்னொருத்தி, இல்ல, கை வழுக்கிட்டுன்னு சொன்னாளாம். ஒங்களுக்குத் தெரியும்லா. அப்பா அம்மையை விட்டுட்டாரா?”

வழுக்கிட்டுன்னு சொல்லிவிடலாம். கோர்ட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இரண்டு நாளில் தாலி ஏறப் போகிற பெண். வாய்வரைக்கும் வந்தது.

ஆனால் அவள் என்னை அக்கா பார்க்கிற மாதிரியே பார்த்தாள், பேசாமல்.

“விட்டாரு,” என்றேன். “தெரிஞ்சுதான் விட்டாரு. நீ தண்ணிக்குள்ள போயிட்டே. ஒன்னைத் தூக்க ரெண்டு கையும் வேண்டியிருந்துது. அதுவரைக்கும் அவ கையை விடல. ஒங்க அம்மையே விடச் சொல்லித்தான் சத்தம் போட்டா.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரோ அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது.

“அப்பா எங் கையப் பிடிச்சு நடந்ததே கெடையாது, மாமா,” என்றாள். “எங்கன போனாலும் தூக்கிக்கிட்டுத்தான் போவாரு. வளந்த பொறவும். தெருவே பாத்துச் சிரிக்கும். கூட வார புள்ளைகள்லாம் அப்பன் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். எனக்கும் அப்படி நடக்கணும்னு இருக்கும். கையக் கொடுங்கப்பான்னு கேப்பேன், அழுவேன். கொடுக்கவே மாட்டாரு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் பந்தக்கால் நட ஆள் வந்துவிட்டது, தாய்மாமனைத் தேடினார்கள். நான் வாயைக் கொப்புளித்துவிட்டுப் போனேன்.